கதவைத் திறந்துவைத்து ஓட்டவும்!

ஒரு சின்னக் கற்பனை. உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு. வெளியே மைனஸ் 30 டிகிரி குளிர். உங்களிடம் ஒரு பழைய லாரி. எதிரே ரோடு கிடையாது, ஒரு ஏரிதான் இருக்கிறது. அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு உறைந்துபோன பனிக்கட்டி. அதற்குக் கீழே ஆளை விழுங்கும் தண்ணீர். ஹெட்லைட் போடக் கூடாது. ஏனென்றால், வானத்தில் எதிரி விமானம்! போதாக்குறைக்கு மேலதிகாரி வந்து, ‘‘டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டு. வண்டி முழுகினால் வெளியே குதிக்க வசதியாக இருக்கும்’’ என்கிறார்...

‘ஆளை விடுங்க சாமி!’ என்று நீங்களும் நானும் ஓடியே போயிருப்போம். 1941-ம் வருஷக் குளிர்காலத்தில், ரஷ்யாவில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் அப்படி ஓடவில்லை. லாரியைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள்.

ஏன் இறங்கினார்கள் என்பதற்கு ஒரு எண்ணைச் சொன்னால் போதும்... 125 கிராம்!

1941 செப்டம்பர் 8-ம் தேதி ஹிட்லரின் படைகள் லெனின்கிராட் நகருக்கான கடைசித் தரைவழியையும் அடைத்துவிட்டன (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் அது). உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். சண்டை போட்டு நகரைப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டே கொன்றுவிடலாம் என்பது ஹிட்லரின் கணக்கு. நவம்பர் 20-ம் தேதி ரேஷன் மறுபடி குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, 125 கிராம். அதுவும் என்ன ரொட்டி? மாவோடு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்து, ஈரம் சொதசொதவென்று... எடை நிற்க வேண்டுமே! கையில் வாங்கினால் மெல்லிசாக இரண்டு துண்டு. நாள் முழுதுக்கும் அதுதான்.

நகரத்துக்குக் கிழக்கே லடோகா ஏரி. ஏரி என்றதும் நம் செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி இது. 17,000 சதுர கிலோ மீட்டருக்கு மேல்! அதன் தெற்கு ஓரத்தில் மட்டும் ஒரு பகுதி ஜெர்மானியர்கள் கைக்குப் போகாமல் தப்பியிருந்தது. அதைக் கடந்து அக்கரைக்குப் போக சுமார் 30 கிலோ மீட்டர். அக்கரையில் மாவு மூட்டைகள் காத்திருந்தன. படகில் கொண்டுவரலாம் என்றால், நவம்பரில் ஏரி உறைய ஆரம்பித்துவிட்டது. படகு போக முடியாது, வண்டி போகுமளவுக்கு இன்னும் கெட்டியாகவும் இல்லை.

அப்போது உணவுப் பொறுப்பு பாவ்லொவ் என்ற அதிகாரியிடம். பனிக்கட்டிக் கணக்கு போட்டுப் பார்த்தார்கள். குதிரை தனியாக நடக்க 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும். ஒரு டன் ஏற்றிய சறுக்குவண்டியைக் குதிரை இழுத்துப்போக 15 சென்டிமீட்டர். ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. குளிர் மைனஸ் 5 டிகிரியில் நின்றால் முதல் 10 சென்டிமீட்டர் உறையவே 64 மணி நேரமாகும். மைனஸ் 15 என்றால் 23 மணி நேரம் போதும். கடும் குளிர் வர வேண்டுமே என்று ஒரு நகரமே பட்டினியோடு காத்துக்கிடந்த விசித்திரத்தை என்னவென்று சொல்ல!

நவம்பர் 20-ம் தேதி முதலில் குதிரைகள் போயின. 22-ம் தேதி, கேப்டன் போர்ச்சுனோவ் தலைமையில் 60 லாரிகள், குதிரைவண்டிகள் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கிளம்பின.

அந்த லாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘காஸ்-ஏஏ’ என்பது அதன் பெயர். அமெரிக்க ஃபோர்டு கம்பெனியின் ‘ஏஏ’ லாரியின் நகல். ஃபோர்டுடன் முறையாக ஒப்பந்தம் போட்டு, 1932-லிருந்து ரஷ்யாவிலேயே தயாரித்தார்கள். நாலு சிலிண்டர், சுமார் 40 குதிரைசக்தி. ஒன்றரை டன் ஏற்றலாம். அதனால் செல்லமாக ‘பலுத்தோர்கா’ என்று கூப்பிட்டார்கள். ‘ஒன்றரை’ என்று அர்த்தம்! நம் ஊர் மினி லாரி சைஸ்தான். பின்சக்கரம் மட்டுமே வண்டியைத் தள்ளும். ஹீட்டர் என்ற சமாசாரமே கிடையாது. கதவையும் திறந்துவைத்தாயிற்று, அப்புறம் ஹீட்டர் இருந்தால்தான் என்ன!

ஆரம்ப நாட்களில் ஒன்றரை டன் லாரியில் ஒன்றரை டன் ஏற்றவில்லை. இரண்டு மூன்று மூட்டைதான். அப்படியும் பல வண்டிகள் ஐஸ் உடைந்து உள்ளே போயின. பிறகு ஒரு யோசனை செய்தார்கள். லாரிக்குப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி, பாரத்தில் பாதியை அதில் ஏற்றினார்கள். பாரம் பரவலானதால் ஒரே இடத்தில் அழுத்தம் குறைந்தது. வண்டிகள் முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு போகாமல், இடைவெளி விட்டுப் போயின. ஒரு தடம் நைந்துவிட்டால் பக்கத்திலேயே புதுத்தடம். பாதையில் விழுந்த பனியை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வண்டி ஓட வசதிக்காக மட்டுமல்ல. பனித்தூள் ஒரு கம்பளி மாதிரி. அது மூடியிருந்தால் கீழே உள்ள ஐஸுக்குக் குளிர் உறைக்காது, கனமாகவும் ஆகாது. கம்பளியை உருவிப் போட்டால் ஐஸ் தடிக்கும்!

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் ஒரு மர்மம் மிச்சமிருந்தது. அக்கரையிலிருந்து மாவு மூட்டையோடு கனமாக வந்த லாரி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதே லாரி திரும்பிப் போகும்போது, அதைவிடக் குறைந்த எடையில் நோயாளிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகையில் ஐஸ் உடைந்து முழுகியது. கனம் குறைந்தால் ஆபத்தும் குறையத்தானே வேண்டும்? எங்கோ உதைக்கிறதே!

லெனின்கிராடின் இயற்பியல்-தொழில்நுட்பக் கழகத்தில் பெரும்பாலானோர் வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பாவெல் கோபெகோ என்ற விஞ்ஞானியிடம் இந்தக் கேள்வி வந்தது. அவருடைய சகா நவூம் ரெய்னோவ், ஐஸ் எவ்வளவு வளைகிறது என்பதைத் தானே கோடு கிழித்துப் பதிவு செய்யும் கருவி ஒன்றை உருவாக்கினார். அதைப் பனிக்கட்டிமேல் நட்டுவைத்தார்கள், லாரிகளை ஓடவிட்டார்கள். மர்மம் விலகியது.

விஷயம் இதுதான். தண்ணீர்மேல் மிதக்கும் ஐஸ் நாம் நினைப்பதுபோல் சிமென்ட் தரை அல்ல. கொஞ்சம் வளையும். லாரி நிற்கிற இடத்தில் லேசாகக் குழி விழும். லாரி ஓடினால் அந்தக் குழியும் கூடவே ஓடும், ஒரு அலையாக. ஐஸுக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கோ அதன் ஆழத்துக்கு ஏற்றபடி ஒரு சொந்த அலை வேகம் உண்டு. லாரியின் வேகமும் அந்த அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் போச்சு! ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளத் தள்ள அது உயர உயரப் போகுமே, அதுபோல அலை பெருத்துக்கொண்டே போய், கடைசியில் ஐஸ் விரிசல் விட்டுவிடும். லடோகாவின் அந்தப் பகுதியில் அந்தப் பொல்லாத வேகம், மணிக்குச் சுமார் 35 கிலோ மீட்டர். மூட்டையோடு திணறித் திணறி வந்த லாரி அந்த வேகத்தைத் தொடவில்லை. இலேசாகத் திரும்பிய லாரியை டிரைவர் கொஞ்சம் மிதித்தார். நேராக அதில் போய் மாட்டினார்!

நின்றுவிட்டால் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. ஒரே இடத்தில் வெகுநேரம் பாரம் நின்றால் ஐஸ் மெல்ல மெல்லத் தொய்ந்து உடையும். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போனால், இரண்டு அலையும் ஒன்றுசேர்ந்து ஒரு வழி பண்ணிவிடும். ஆகவே, நிற்காதே, பறக்காதே, முந்தாதே, ஒட்டாதே!

இந்தக் கணக்கு பழங்கதை ஆகிவிடவில்லை. கனடாவின் வட கோடியில் வைரச் சுரங்கங்களுக்கு உறைந்த ஏரிகள்மேலேயே வருஷா வருஷம் சுமார் 400 கிலோ மீட்டருக்குப் பாதை போடுகிறார்கள். அங்கே பாரம் ஏற்றிய ராட்சத லாரிகளுக்கு விதித்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டர். காரணம் அதே அலைதான்.

ஆனால், பசியால் ஒரு நகரம் செத்துக்கொண்டிருக்கும்போது ‘மெதுவாகப் போ’ என்று டிரைவரிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம்! ஒரு பக்கம் விஞ்ஞானிகளின் எச்சரிக்கை. இன்னொரு பக்கம், ‘ஒவ்வொரு டிரைவரும் தினம் இரண்டு நடை!’ என்ற கோஷம். இரண்டு நடை என்றால், தூக்கம் என்பதே மறந்துபோக வேண்டியதுதான். கண் சொக்கி ஸ்டியரிங்மேல் சாயும்போதெல்லாம் தலையில் இடிக்கிற மாதிரி, உச்சியில் ஒரு தகரப் பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வழியெங்கும் வெள்ளை அங்கி போட்ட இளம்பெண்கள், அந்தக் குளிரில் கொடியும் லாந்தரும் பிடித்துக்கொண்டு பாதை காட்டினார்கள். பிற்பாடு பல டிரைவர்கள், ‘ஐஸ் ஓட்டையில் விழுவதைவிடக் குண்டுக்குத் தப்புவது சுலபம்’ என்றுதானோ என்னவோ, விமானத்தையும் பொருட்படுத்தாமல் ஹெட்லைட் போட்டுக்கொண்டே ஓட்டினார்கள்.

அப்படி ஓட்டியவர்களில் மாக்ஸிம் த்வெர்தோக்லெப் என்பவரின் கதை அங்கே பிரசித்தம். அந்தப் பெயருக்கு ‘கெட்டி ரொட்டி’ என்று அர்த்தம். பசித்த ஊருக்கு எப்படிப்பட்ட பெயர் பாருங்கள்! 1941-ன் கடைசி நாள், குழந்தைகளின் புத்தாண்டுக்காக அவருடைய லாரியில் ஏற்றப்பட்டவை மாண்டரின் பழங்கள். நம்மூர் கமலா ஆரஞ்சுக்கு உறவு. ஏரி நடுவில் இரண்டு ஜெர்மன் விமானங்கள் துரத்தித் துரத்திச் சுட்டன. வளைத்தும் நிறுத்தியும் கிளப்பியும் வண்டியைக் கரைசேர்த்தார் மனிதர். சகாக்கள் வண்டியில் எண்ணிய ஓட்டைகள் 49 என்பார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. ஆனால், அவசரம் என்றால் என்ன என்பதை இதைவிட அப்பட்டமாக வேறெதுவும் சொல்லாது. ஜனவரி பிற்பகுதியிலிருந்து அந்தப் பாதையில் பெருமளவில் மக்களை வெளியேற்ற ஆரம்பித்தார்கள். பலர் திறந்த லாரியின் பின்தட்டில். தாய்மார்களோ பட்டினியால் கையில் பிடிமானமே இல்லாதவர்கள். அடுத்த நடைக்கு விரைந்த டிரைவர்கள் மேடு பள்ளத்தில் வண்டியைத் தூக்கிப் போட்டபோது, மடியில் இருந்த கைக்குழந்தைகள் நழுவிப்போயின. விடிந்ததும் பாதையோரம் அந்தத் துணி மூட்டைகளைக் கண்டெடுத்ததை, கொடி பிடித்த பெண்களில் ஒருவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். டிரைவரைத் திட்டுவதா? அவர் இன்னும் ஒரு லாரி மனிதர்களைக் காப்பாற்றத்தான் விரைந்தார். எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் ஏரியைக் கடந்து லெனின்கிராடுக்குப் போன சரக்கு மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல். பெரும்பகுதி உணவு. வெளியே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர். முழுகிய லாரிகள் நூற்றுக்கணக்கில். கிறிஸ்துமஸ் நாளன்றே ரேஷன் கூடியது. 125 கிராம், 200 ஆனது. ஆனாலும் முற்றுகை முடிய 1944 ஜனவரி 27 வரை, மொத்தம் 872 நாள் பிடித்தது. அதற்குள் போன உயிர்கள், சோவியத் அரசின் கணக்குப்படியே ஆறு லட்சத்துக்கு மேல். பத்து லட்சம் இருக்கலாம் என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

1942 ஏப்ரலில் வெயில் வந்தது. ஐஸ்மேல் தண்ணீர் தேங்க, சக்கரம் பாதி முழுக லாரிகள் நீந்துவதுபோல ஊர்ந்தன. பாதையை மூடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏப்ரல் 24 வரை சிலர் இறங்கத்தான் செய்தார்கள். நகரத்தில் வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிப் பல் ஆட, ஜனங்கள் பைன் மர ஊசியிலையை ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. உடையப்போகிற ஐஸ்மேல், திறந்த கதவோடு அந்த டிரைவர்கள் கடைசியாகக் கொண்டுவந்து சேர்த்த லோடு என்ன தெரியுமா?

வெங்காயம்.