கச்சத்தீவும் ஒரு குத்தகைச் சீட்டும்

கச்சத்தீவு யாருடையது என்னும் வினா தேர்தல் காலத்தில் எழும். தேர்தல் முடிந்ததும் அடங்கிவிடும். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது எழுந்த பேரொலி நமது பூந்தமல்லி வரையிலும் வந்து சேர்ந்தது. ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின், நம்மிடம் பாடம் கேட்கும் இளைஞர் ஒருவர், “உஸ்தாத், 1880இலேயே நம் மரைக்காயர் ஒருவர் அத்தீவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராமே! பிறகு அது இந்தியாவுடையது என்பதில் என்ன சந்தேகம்?” என்று கேட்டார். அவர் குரலில் ஒலித்த பெருமிதம் நமக்கும் உண்டு. ஆயினும் பெருமிதம் பய்யினா ஆகாது. வழக்கில் வைக்கத்தக்க சான்று ஆகாது. ஆகவே அந்தச் சீட்டை ஒரு காழி நிறுத்துப் பார்ப்பதுபோல் நிறுத்துப் பார்க்கத் துணிந்தோம்.

கச்சத்தீவு இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே பாக்கு நீரிணையில் கிடக்கும் 285 ஏக்கர் நிலம். குடிநீர் இல்லை, ஆகவே குடிகளும் இல்லை. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. அதன் ஆண்டுத் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் கூடுவர். மீனவர் அங்கே வலை உலர்த்தி இளைப்பாறுவர். ஊரும் குடியும் இல்லாத இடத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல யார் வருவார்? ஏடுகள்தாம் வரவேண்டும்.

அவ்வேடுகளுள் நாம் கூறிய சீட்டு முக்கியமானது. 1880 ஜூலை 2ஆம் நாள் பதிவான அப்பத்திரத்தில் ஒரு தரப்பு, மதுரை ஜில்லாவின் ஸ்பெஷல் அசிஸ்டெண்ட் கலெக்டர் எட்வர்ட் டர்னர். மறு தரப்பு, முகம்மது அப்துல் காதிர் மரைக்காயரும் முத்துசாமிப் பிள்ளையும். எழுபது கிராமங்களிலும் பதினொரு தீவுகளிலும் சாயவேர் எடுத்துக்கொள்ளும் உரிமையே குத்தகைப் பொருள். பதினொன்றில் ஒன்று கச்சத்தீவு. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் வேர் அது. மரைக்காயரும் பிள்ளையும் கூட்டாகச் செய்த வாணிபம் என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1885இல் அதுபோன்ற இன்னொரு குத்தகை எழுதப்பட்டது. 1913இல் இராமநாதபுரம் ராஜாவிடமிருந்து இந்திய மந்திரியின் பெயரால் அரசாங்கமே எடுத்த குத்தகையிலும் கச்சத்தீவு அடங்கியிருந்தது.

இவற்றைக் காட்டித் தீவு இந்தியாவினது என்று முடித்துவிடலாமா? ஃபிக்ஹுக் கிதாபுகளில் தொடக்கப் பாடமாகவே மில்க் வேறு, விலாயத் வேறு என்று கற்பிக்கிறோம். மில்க் என்பது நிலத்தின் உடைமை. விலாயத் என்பது நாட்டின் ஆட்சி. இஜாராச் சீட்டு, அதாவது குத்தகைப் பத்திரம், நிலக்கிழார் யாரென்று சொல்லும். அரசர் யாரென்று சொல்லாது. இதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மண்ணே சாட்சி. 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, பூந்தமல்லியை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டார். பின்னர் 1780 வரையில் அச்சீமையை அவரே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார். தாம் கொடுத்த நிலத்துக்குத் தாமே குத்தகைதாரர்! அதனால் அவர் நவாப் அல்லாமற் போய்விடவில்லை.

இராமநாதபுரத்தின் நிலையும் எண்ணத்தக்கதே. சேதுபதிகள் ஒருகாலத்தில் முடிமன்னர். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவி நீக்கியது. 1803இல் மங்களேசுவரி நாச்சியாருக்கு வழங்கப்பட்ட சன்னது அவரை ஜமீன்தாரிணி ஆக்கியது. ஆகவே 1880இல் குத்தகை விட்டது ஓர் ஜமீன், அரசு அன்று.

1913ஆம் ஆண்டுப் பத்திரத்தைச் சிலர் பெரிதாகச் சொல்வர்: சர்க்காரே ராஜாவின் உரிமையை ஒப்புக்கொண்டதன்றோ என்பர். ஒப்புக்கொண்டது மெய். எனினும் இக்ரார், அதாவது ஒப்புதல், ஒப்புக்கொண்டவரையே கட்டும். மூன்றாமவரைக் கட்டாது என்பது நம் சட்ட நூலோர் துணிபு. மூன்றாமவரான இலங்கை அரசாங்கம், தீவு யாழ்ப்பாணத்தைச் சார்ந்தது என்றே வாதித்தது. 1921 அக்டோபரில் இரு தரப்பு அதிகாரிகளும் மீன்பிடி எல்லை வகுக்கக் கூடியபோது, கோடு கச்சத்தீவுக்கு மேற்கே மூன்று மைலில் இழுக்கப்பட்டது. தீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. உரிமைக் கோரிக்கைக்குப் பாதகமின்றியே இது என்று இந்தியத் தரப்பார் எழுதிவைத்தனர். அந்த ஏற்பாடு இறுதி ஒப்புதல் பெறவுமில்லை. இரு நாடும் ஒரே முடியின் கீழ் இருந்த காலம் அது. ஒரே எசமானின் இரு காரியஸ்தர்கள் வேலியைப் பற்றி எவ்வளவு தூரம் சண்டையிடுவார்கள்?

இதுவரை நமது தட்டு இலேசாகிக்கொண்டே வந்தது. ஆனால் டர்னரை நாம் மறந்துவிட்டோம். 1880இல் பாஸ்கர சேதுபதி பன்னிரண்டு வயதுச் சிறுவர். சமஸ்தானம் அரசாங்கத்தின் மேற்பார்வையில் இருந்தது. கையெழுத்திட்டவர் கலெக்டர் அலுவலகத்து அதிகாரி. யார் வேர் எடுக்கலாம், எடுக்கலாகாது என்று அத்தீவின் விஷயத்தில் ஓர் அரசாங்க ஊழியர் விதித்தார் என்றாகிறது. இதன் பாரம் என்னவென்று அறிய, 2002 டிசம்பர் 17இல் சர்வதேச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பார்க்கவேண்டும். லிகித்தான், சிபதான் என்னும் இரு சிறு தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்காடின. இந்தோனேசிய மீனவர் காலங்காலமாக அங்கே சென்றனர் என்பதை நீதிமன்றம் தனியார் செயல் என்று ஒதுக்கியது. ஆமை முட்டை எடுப்பதை ஆட்சியாளர் ஒழுங்குபடுத்தியதையும், கலங்கரை விளக்கங்கள் நிறுவியதையும் மதித்து, மலேசியாவுக்கே தீவுகளை அளித்தது. இந்த உரைகல்லில் உரைத்தால், வலை உலர்த்திய வழக்கம் ஆட்சியுரிமைக்குப் பயன்படாது. சாயவேர்ச் சீட்டு ஓரளவு பயன்படும். அதன் வலிமை மரைக்காயர் பெயரில் இல்லை. டர்னர் கையெழுத்தில் இருக்கிறது. டர்னர் ஜமீனின் காரியத்தைத்தானே பார்த்தார் என்று இலங்கை வக்கீல் எதிர்வாதம் செய்யலாம். அது பலமற்ற வாதம் என்று நாம் சொல்லமாட்டோம்.

1960இல் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட், விஷயம் எளிதன்று எனினும் சான்றுகளை ஒருங்கே நோக்கின் இந்தியாவின் பக்கமே தட்டுத் தாழ்கிறது என்று கருத்துரைத்தார். 1875 முதல் 1948 வரை ராஜா இடையறாது அனுபவித்த ஜமீன் உரிமையையே அவர் பெரிதும் நம்பினார். மறு ஆண்டே பிரதமர் நேரு, இச்சிறு தீவுக்குத் தாம் முக்கியத்துவம் அளிக்கவில்லை என்று குறிப்பெழுதினார். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. எந்த நீதிமன்றமும் இருதரப்புச் சான்றுகளையும் நிறுத்துப் பார்க்காமலே காரியம் முடிந்தது. நமது பெருங்குறை அதுவே.

ஆனால் நிலத்தைவிட முதன்மையான ஒன்று இதில் உண்டு. நிலம் பிறருடையதாயினும் வழியும் நீரும் நமக்குரியவையாக இருக்கலாம். இதனை ஹக்குல் இர்திஃபாக் என்பர். 1974 உடன்படிக்கையின் 5ஆம் விதி இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இன்றி முன்போல் தீவுக்குச் செல்ல இடமளித்தது. 6ஆம் விதி இரு நாட்டுக் கலங்களின் மரபுரிமைகளைக் காத்தது. 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள், இலங்கைக் கடலில் இந்திய மீனவர் மீன்பிடிக்கலாகாது என்றன. இராமேசுவரத்து மீனவர் சிறை செல்வதும் படகிழப்பதும் இந்தக் கடலெல்லையினால்தான். மறு கரையில் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே. இழுவை மடியை இலங்கை 2017இல் தடை செய்ததற்கு அவர்களுடைய முறையீடும் காரணம்.

2025 ஏப்ரல் 2ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் நிறைவேற்றியபோது, அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். உடன்படிக்கையின் 5, 6 விதிகளையும் 1976 கடிதத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து அவரைப் படிக்கச் சொன்னோம். படித்துவிட்டு, “குத்தகைச் சீட்டைவிட இதுவல்லவா நம்மவர் கையில் இருந்திருக்க வேண்டும், உஸ்தாத்?” என்றார்.