கரைசலும் அயனும்: ஒரு கொள்கை நிலைபெற்ற வரலாறு

நீரில் இட்ட உப்பு என்னவாகின்றது? சோடியம் அயனாகவும் குளோரைட்டு அயனாகவும் பிரிந்து நீரெங்கும் பரந்து நிற்கின்றது என இரசாயனம் பயிலப் புகும் மாணவன் தயக்கமின்றி விடை கூறுவான். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறில் இவ்விடையை நோக்கி முதலடி வைத்த ஓர் இளைஞர் தம் பல்கலைக்கழக எதிர்காலத்தையே இழக்கும் நிலைக்கு உள்ளானார். பாடநூலில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்ட அவ்வுண்மை நிலைபெற்ற வரலாறு, அறிவுலகிற் புதுக்கருத்துகள் எவ்வாறு எதிர்க்கப்படுகின்றன, எவ்வாறு ஏற்கப்படுகின்றன என்பதைத் தெளிவுறக் காட்டுவதாகும்.

கரைதிறன் என்பது விளங்கிக்கொள்ளப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அளக்கப்பட்டது. பிரான்சிய அறிஞர் கேலுசாக் 1819 இல் கரைதிறன் வளைகோடுகளை வரைந்து வெளியிட்டார். 100 கிராம் நீரில் கறியுப்பு ஏறக்குறைய 36 கிராம் கரையும். வெப்பநிலை உயரினும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. பொற்றாசியம் நைத்திரேற்றோ 0 பாகையில் 13 கிராம் அளவே கரைய, 60 பாகையில் 100 கிராமுக்கும் மேலாகக் கரைகின்றது. ‘எவ்வளவு கரையும்?’ என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ‘கரைந்த பொருள் எவ்வடிவில் நிற்கின்றது?’ என்ற வினாவோ விடையின்றிக் கிடந்தது. 1834 இல் பரடே ‘அயன்’ என்னும் சொல்லை வழங்கினார். எனினும், மின்னோட்டமே மூலக்கூறுகளைப் பிளந்து அயன்களைத் தோற்றுவிக்கின்றது என்பதே அந்நாளைய பொதுக் கருத்து. மின்னோட்டம் இல்லாதபோதும் மூலக்கூறுகளுள் மிகச்சிறு பகுதி பிரிந்திருக்கலாம் என 1857 இல் கிளோசியசு கூறியது பரவலான கவனத்தைப் பெறவில்லை.

இந்நிலையிலேதான் சுவீடன் நாட்டவரான சுவாந்தே அரேனியசு (1859 - 1927) கரைசல்களின் மின்கடத்துதிறனை ஆராயத் தொடங்கினார். கரைசலை ஐதாக்குந்தோறும், கரைந்துள்ள பொருளின் ஒவ்வோர் அலகும் முன்னினும் நன்றாக மின்னைக் கடத்துவதை அவர் கண்டார். மூலக்கூறுகளுட் சில ‘செயற்படுவன’, ஏனையவை ‘செயற்படாதன’ என்றும், ஐதாக்கும்போது செயற்படுவனவற்றின் விகிதம் பெருகுகின்றது என்றும் அவர் விளக்கினார். 1884 இல் இவ்வாய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்திற்குக் கலாநிதிப் பட்டத்தின்பொருட்டுச் சமர்ப்பித்தார். பட்டம் கிடைத்தது, ஆயின், ஆய்வேட்டுக்கு நான்காந்தரமும், அதனைச் சபையில் நிலைநாட்டி வாதிட்டமைக்கு மூன்றாந்தரமுமே வழங்கப்பட்டன. அத்தகைய பெறுபேற்றுடன் விரிவுரையாளர் பதவியை எதிர்பார்த்தல் அரிதாயிற்று.

உப்சாலாப் பேராசிரியர்களை அறியாமை மிக்கோர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அங்கு இரசாயனப் பேராசிரியராக விளங்கிய கிளேவே, 1879 இல் ஒல்மியம், தூலியம் ஆகிய மூலகங்களைக் கண்டறிந்த பேரறிஞர். அக்கால இரசாயனவியலாளரிடம் எழுந்த ஐயமும் வலுவுடையதே. சோடியம் நீருடன் மூர்க்கமாகத் தாக்கம் புரிவது. குளோரீன் நச்சுத்தன்மை கொண்ட பச்சை வாயு. உப்புநீரில் இவை தனித்தனியே நிற்குமாயின் நீர் கொதித்தெழாதது ஏன்? நச்சு மணம் வீசாதது ஏன்? மின்னேற்றம் பெற்ற அணு, ஏற்றமற்ற அணுவினின்றும் இயல்பால் முற்றாக வேறுபட்டது என்பதே இதற்குரிய விடை. இலத்திரனே 1897 வரை கண்டறியப்படாத நிலையில் அவ்விடையை ஏற்பது எளிதன்று.

அரேனியசுக்குக் கைகொடுத்தவர் இரீகாவிலே பணியாற்றிய ஒசுவால்ட் ஆவார். அமிலங்களின் தாக்கவேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அவ்வேகங்களுக்கும் மின்கடத்துதிறனுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டெனக் கண்டு, 1884 இலேயே உப்சாலாவுக்கு நேரில் வந்து இளைஞருக்குத் தம் நிறுவனத்தில் இடமளிக்க முன்வந்தார். அதன் பின்னரே உப்சாலாவும் அரேனியசுக்கு விரிவுரையாளர் பதவியை வழங்கியது. அயலார் மதிப்பைக் கண்டபின் தம்மவரை மதிக்கும் இயல்பு பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று போலும்!

கொள்கைக்கு உறுதியான சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. 60 கிராம் யூரியாவையேனும் 342 கிராம் கரும்புவெல்லத்தையேனும் ஒரு கிலோகிராம் நீரிற் கரைப்பின், உறைநிலை ஏறக்குறைய 1.86 பாகையால் இறங்கும். நிறைகள் வேறாயினும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. உறைநிலையை நிருணயிப்பது கரையத்தின் நிறையன்று, துணிக்கைகளின் தொகையே என்பதைப் பிரான்சியரான இரவோற்றின் அளவீடுகள் உணர்த்தின. பெவர் 1877 இல் வெளியிட்ட பிரசாரண அமுக்க அளவீடுகளைக் கொண்டு, ஐதான கரைசல்கள் வாயு விதிகளுக்கு அமைவதை ஒல்லாந்தரான வான்ற் கோவ் நிறுவினார். ஆயின், உப்புகள் இவ்விதிகளுக்குள் அடங்கவில்லை. கறியுப்புக் கரைசல் ஐதாக ஐதாக, அதன் விளைவு எதிர்பார்த்ததன் இருமடங்கை நெருங்கியது. கல்சியங் குளோரைட்டின் விளைவோ மும்மடங்கை நெருங்கியது. வான்ற் கோவ் இம்முரணை ஒரு காரணியாற் குறித்தார். 1887 இல் அரேனியசு அதன் பொருளை வெளிப்படுத்தினார். ஓர் உப்பு மூலக்கூறு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து நிற்கின்றது. துணிக்கைகள் பெருகுவதால் விளைவும் பெருகுகின்றது என்பதே அவர் விளக்கம். மின்கடத்துதிறனும் உறைநிலையும் ஒன்றையொன்று சாராத அளவீடுகள். அவை இரண்டும் ஒரே முடிவைச் சுட்டியமை கொள்கைக்குப் பெரும் வலிமை அளித்தது.

எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. நீரும் கரையமும் இரசாயன முறையிற் சேர்வதே கரைதல் என மென்டலீயெவ் வாதிட்டார். இங்கிலாந்தில் ஆம்சுத்திரோங்கு கடுமையாக எதிர்த்தார். 1890 இல் இலீட்சு நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான மாநாட்டில் இருசாராரும் நேருக்குநேர் வாதிட்டனர். ஈற்றில் இரசாயனத்துக்கான முதலாவது நோபெற் பரிசை 1901 இல் வான்ற் கோவ் பெற்றார். 1903 இல் அப்பரிசு அரேனியசுக்குக் கிடைத்தது. அப்பரிசுக்குரியோரைப் பரிந்துரைக்கும் குழுவில் கிளேவேயும் இடம்பெற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

வென்ற கொள்கையும் முழுமையானதன்று. உப்புப் பளிங்கு கரையுமுன்னரே அயன்களால் ஆனது என்பதை 1913 இல் பிராக் என்பாரின் எக்சுக்கதிர் ஆய்வு காட்டியது. வன்மின்பகுபொருள்கள் நீரில் முற்றாகவே பிரிந்துள்ளன என்பதையும், செறிவு கூடுகையில் அயன்கள் ஒன்றையொன்று கவர்வதாலேயே விளைவு குறைகின்றது என்பதையும் 1923 இல் டெபாய், கூக்கெல் ஆகியோர் விளக்கினர். நீர் மூலக்கூறுகள் அயன்களைச் சூழ்ந்து பிணைகின்றன என்ற இன்றைய விளக்கத்தில் மென்டலீயெவின் கூற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. எனவே, ஒரு சாராரின் வெற்றி, மறுசாராரின் தோல்வி என இவ்வரலாற்றை முடித்துவிடுதல் பொருந்தாது. ஐயுற்றோர் எழுப்பிய வினாக்களே கொள்கையைக் கூர்மையாக்கின. ஆயினும், ஐயத்துக்கும் புறக்கணிப்புக்கும் வேறுபாடு உண்டு. ஐயம் மேலும் அளந்து பார்க்கத் தூண்டுவது; புறக்கணிப்போ அளவுகோலையே கீழே வைத்துவிடுவது. உப்சாலா அளித்த நான்காந்தரம் இவ்வேறுபாட்டையே இன்றும் உணர்த்தி நிற்கின்றது.