சூலூர்த் தேஜஸ் எஸ்.பி.-1: ஒரு போர்விமானத்தின் பணி வரலாறும் காலக்கணிப்பும்

வான்படை வரலாற்றெழுத்து பொதுவாகப் படைப்பிரிவையே தன் அலகாகக் கொள்கிறது. தனியொரு விமானத்தைக் கொள்வது அரிது. இக்கட்டுரை, தொடர் உற்பத்தியில் உருவான முதல் தேஜஸ் விமானமாகிய எஸ்.பி.-1ஐ (எல்.ஏ.5001) அலகாக எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு கொண்டவுடன், ‘தேஜஸ் எப்போது பணியில் சேர்ந்தது?’ என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை என்பது புலனாகிறது.

எஸ்.பி.-1 பெங்களூரில் 30.09.2014 அன்று முதன்முறையாகப் பறந்தது. 17.01.2015 அன்று பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் அதற்குரிய ஆவணங்களை வான்படைத் தலைமைத் தளபதி அரூப் ராகாவிடம் வழங்கினார். ஆயினும், 45ஆம் படைப்பிரிவு தேஜஸைக் கொண்டு மீண்டும் உருவானது 01.07.2016 அன்றுதான், அன்று அதனிடம் இருந்தவை எஸ்.பி.-1, எஸ்.பி.-2 என இரண்டே விமானங்கள். இடைப்பட்ட பதினேழரை மாதங்களைத் தாமதம் என்று மட்டும் குறிப்பது போதாது. ஒற்றை விமானத்தைக் கொண்டு ஒரு படைப்பிரிவு இயங்க முடியாது. விமானிகளும் பராமரிப்புக் குழுவும் உதிரிபாகங்களும் ஒருங்குசேர வேண்டும். தொண்டாமுத்தூர் செல்லும் வழியிலுள்ள பேரூர்க் கோயிலைப் பற்றி எழுதும்போது குடமுழுக்கு நாளையும் கற்றளி எழுந்த காலத்தையும் நாம் ஒன்றாகக் கொள்வதில்லை. ஒப்படைப்பு விழாவையும் பணித் தொடக்கத்தையும் மட்டும் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

இரண்டாவது சிக்கல் தரநிலை பற்றியது. எஸ்.பி.-1 தொடக்கநிலை இயக்க ஒப்புதலின்படி (20.12.2013) கட்டப்பட்டது, வானில் எரிபொருள் நிரப்பும் வசதி அதில் இல்லை. இறுதி இயக்க ஒப்புதல் தரத்தின் முதல் விமானமான எஸ்.பி.-21, 17.03.2020 அன்றுதான் பறந்தது. 27.05.2020 அன்று சூலூரில் 18ஆம் படைப்பிரிவு இயக்கத்துக்கு வந்தபோது அதற்கு வழங்கப்பட்டது அவ்விமானமே. ‘சூலூர்த் தேஜஸ்’ என்று பொதுவாகக் குறிப்பிடும் எழுத்துகள் இவ்விரு தரங்களையும் கலந்துவிடுகின்றன. ஒளிப்படங்களை ஆராய்வோருக்கு ஒரு குறிப்பு: படைப்பிரிவு விமானத்தின் முகப்பு வலப்புறத்தில் எரிபொருள் ஏற்கும் குழாய் காணப்படின், அது எஸ்.பி.-1 தரத்தது அன்று. குழாய் இல்லாமையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. அது கழற்றக்கூடிய உறுப்பு.

படைப்பிரிவின் புகழை விமானத்தின் மேல் ஏற்றுவதும் இத்தகைய குழப்பமே. 10.08.1999 அன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை வீழ்த்தியது 45ஆம் படைப்பிரிவின் மிக்-21. நிர்மல்ஜித் சிங் செகோன் 14.12.1971 அன்று ஸ்ரீநகர் வான்வெளியில் போரிட்டு உயிர்நீத்தது 18ஆம் படைப்பிரிவின் நாட் விமானத்தில். இவை எண்களின் மரபு, எஸ்.பி.-1 பிறக்கும் முன்பே நிகழ்ந்தவை.

45ஆம் படைப்பிரிவு 01.07.2018 அன்று பெங்களூரிலிருந்து சூலூருக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே, இவ்விமானத்தின் கொங்குநாட்டு வரலாறு அந்நாளிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்தைய, ஏறத்தாழ நான்காண்டுகள் நீண்ட பகுதி பெங்களூருக்கு உரியது.