ஒற்றைப் பாதைக்கு ஒரு சாவி

1890களில் மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தை நம்பி வந்த ரயில், காம்பாருக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு பாதையைத்தான். தாப்பா ரோட்டிலிருந்து ஏறிவரும் வண்டியும் ஈப்போவிலிருந்து இறங்கிவரும் வண்டியும் நிலையத்தில் விலகிக்கொள்ளலாம். நடுவழியில் விலக இடமில்லை. அப்படிப்பட்ட பாதைகளைக் காக்க வந்த கருவி, இங்கிலாந்தில் சிந்திய ரத்தத்திலிருந்து பிறந்தது.

1874 செப்டம்பர் 10, நார்விச் அருகே தோர்ப். அங்கும் ஒற்றைப் பாதை. காவல் தந்தி ஒன்றே. உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு தந்தி அடிக்கப்பட்டது. இரு பக்கத்திலிருந்தும் வண்டிகள் கிளம்பின. தவறு தெரிந்து தடுக்கத் தந்தி போனபோது எதிர்வண்டி நிலையத்தைத் தாண்டிவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தந்தி நல்ல செய்தியைச் சுமக்கும் வேகத்திலேயே பிழையையும் சுமந்துவிடும்.

எட்வர்ட் டயர் என்ற பொறியாளர் இதற்கு 1878இல் காப்புரிமை பெற்ற விடை அற்புதமானது. ஒற்றைப் பாதையின் இரு முனை நிலையங்களிலும் தலா ஒரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி பிணைக்கிறது. பெட்டிகளுக்குள் வட்டத் தகடுகள். அடுத்த நிலைய மாஸ்டர் மின்சாரம் அனுப்பி இசைந்தால்தான் இங்கே ஒரு தகடு வெளியே வரும். வந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும்; அந்தத் தகடு ஏதாவதொரு பெட்டிக்குத் திரும்பும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. மனிதர் மறக்கலாம், அவசரப்படலாம். பெட்டி இரண்டாவது தகட்டைத் தராது.

தகடு பிறகு சாவி வடிவம் எடுத்தது. மலாயா ரயில்வேயிலும் அந்த டோக்கன் சாவி வழங்கியது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். நிற்காத வண்டியிலிருந்து டிரைவர் எட்டி வாங்கிக்கொள்வார். பெட்டிக்கு முன்னால் இரவெல்லாம் விழித்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பலர். தண்டவாளம் போட்டவர்களில் நம் தோட்டத்து முன்னோர் உண்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் ஓடிய வண்டிகளை மோதாமல் காத்தவர்களையும் அதே பெருமையோடு சொல்ல வேண்டும்.

இன்று ரவாங்–ஈப்போ வழி மின்மயமான இரட்டைப் பாதை. காம்பாரில் நிற்கும் இடிஎஸ் மின்ரயில் வண்டிகள் 2010 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. போக ஒரு பாதை, வர ஒரு பாதை. விளக்குச் சிக்னல் வழிகாட்டுகிறது. ஆனால் இதே ரயில்வே ஓடிய சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், 2011 ஜூன் 30 வரை டிரைவர்கள் சாவி மாற்றிக்கொண்டுதான் போனார்கள். மறுநாள் அந்தத் தடத்தில் ரயிலே ஓடவில்லை.