பீளமேட்டில் ஒரு போர்க்கப்பல்

1942 அக்டோபரில் பீளமேட்டுக் கரிசல் மண்ணில் ஒரு போர்க்கப்பல் பணிக்கு ஏறியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. கரையில் அமைக்கிற தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். கருடா உண்மையில் ஒரு பட்டறை. கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனை. 1946 ஏப்ரல் வரை நடந்தது. சூலூர் விமானத் தளமும் 1945 தொடக்கத்தில் எச்.எம்.எஸ். வைரி என்ற பெயரில் கடற்படைக் கணக்கில் சேர்ந்தது.

நான் லேத்திலும் ஃபிட்டர் மேசையிலும் காலம் கழித்தவன். போரைப் பற்றிய புத்தகம் எது கிடைத்தாலும் விடமாட்டேன். அவற்றில் விமானி வருவார், தளபதி வருவார், கப்பல்களின் பெயர்கள் வரிசையாக வரும். இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் மட்டும் வரமாட்டார். பசிபிக் போரில் எங்கள் கொங்கு மண்ணுக்கும் பங்கு உண்டு என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல காலமாக எனக்கு ஆசை.

கடலுக்கு இவ்வளவு தள்ளி எதற்காகக் கடற்படைப் பட்டறை? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திரிகோணமலை. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. சென்னையில் சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். பிரிட்டனின் கிழக்குக் கடற்படையே ஆப்பிரிக்கக் கரையில் உள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கியது. எதிரி விமானம் எட்டாத தூரத்தில், அதே சமயம் துறைமுகத்தோடு தொடர்பு அறாத ஓர் இடம் வேண்டியிருந்தது. கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கு அகலப்பாதை ரயில் இருந்தது. 1930களின் தொடக்கத்திலேயே பைக்காரா மின்சாரம் வந்திருந்தது. அதைவிட, இரும்பில் கை பழகிய ஆட்கள் இருந்தார்கள். பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்தவர்கள், கிணற்றுக்குப் பம்பு வார்த்தவர்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டியது 1937இல். போர் வந்துதான் கோவைக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தொழில் தெரிந்த ஊரைத் தேடித்தான் போர் இங்கே வந்தது என்பது என் எண்ணம்.

சூலூர்த் தளத்துக்கு வேறொரு கதையும் உண்டு. எங்க அப்பாரு மாட்டுவண்டி வைத்திருந்தவர். ஓடுபாதைக்குச் சரளை அடித்தவர்களில் ஒருவர். காட்டில் விளைச்சல் இல்லாத வருசத்தில் அந்தக் கூலிதான் வீட்டுக்குக் கஞ்சி ஊற்றியது. வெள்ளையனே வெளியேறு போராட்டம் மூண்டபோது, 1942 ஆகஸ்ட் 26 இரவு, சுற்று ஊர்க்காரர்கள் அந்தத் தளத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. பிறகு கண்ணம்பாளையம் பக்கமெல்லாம் போலீஸ் புகுந்து அடித்த அடியை ஊர் மறக்கவில்லை. பலர் நெடுங்காலம் சிறையில் வாடினார்கள். அப்பாரு அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தி, "அவுங்கெல்லாம் பெரிய மனசுக்காரங்க, கண்ணு" என்பார். சரளை அடித்தவரும் தீ வைத்தவரும் ஒரே சந்தைக்குப் போனவர்கள். இரண்டு பேரையும் நான் எங்கள் ஆட்களாகவே எண்ணுகிறேன்.

இனி கடற்படை விமானங்களின் கதைக்கு வருகிறேன்; அது அமெரிக்காவில் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் 12ஆம் சண்டை விமான அணிக்கு, கருடா தொடங்கிய அதே வருசக் கடைசியில், கோர்சேர் என்ற புது விமானம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் அமெரிக்கக் கடற்படை அணி அதுதான். தலைவர் ஜோ கிளிஃப்டன். 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின். அதன் முன்னால் பெரிய விசிறி. மூக்கு நீளமானதால் இறங்கும்போது கப்பலின் தளம் விமானிக்குத் தெரியாது. சக்கரம் தட்டியதும் துள்ளும். கப்பலுக்கு ஆகாது என்று சொல்லி அந்த அணிக்கு ஹெல்கேட் விமானத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு சரடோகா கப்பலிலிருந்து 1943 நவம்பரில் ரபாவுல் துறைமுகத்தைத் தாக்கியது அந்த அணி. 1944 மார்ச் கடைசியில் அதே கப்பலில் நம் கடலுக்கே வந்து திரிகோணமலைப் பக்கம் சேர்ந்தது.

அங்கே பிரிட்டிஷ் கப்பலான இல்லஸ்ட்ரியஸில் நின்றிருந்தவை கோர்சேர் விமானங்கள்! கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கொடுத்தவை. நேராக வராமல் வளைந்து வந்து இறங்கினால் தளம் கடைசிவரை கண்ணில் படும் என்று பிரிட்டிஷ் விமானிகள் பழகியிருந்தார்கள். இறக்கையை மடித்து நிறுத்தினால் உள்தளத்தின் கூரை முட்டியது; ஒவ்வொரு நுனியிலும் எட்டு அங்குலம் குறைத்தார்கள். ஆகாது என்று ஒருவர் ஒதுக்கியதை அளந்து, அறுத்து, ஆகும்படி செய்வது. எங்கள் பட்டறைகளில் தினமும் நடக்கிற வேலை அது. அதனால் இந்தச் சேதியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

1944 ஏப்ரல் 19 அன்று இரு நாட்டு அணிகளும் சேர்ந்து சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் தீவில் உள்ள சபாங்கைத் தாக்கின. 83 விமானங்கள் கிளம்பின. அவற்றில் 24 ஹெல்கேட், 13 கோர்சேர். அமெரிக்க விமானம் ஒன்று மட்டும் கடலில் விழுந்தது. அந்த விமானியையும் டாக்டிஷியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி, கரையிலிருந்து பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஏற்றிக்கொண்டது. மே 17இல் சுரபாயாவைத் தாக்கிய பின் சரடோகா விடைபெற்றது.

இந்தக் கிழக்குக் கடற்படையின் விமானங்களுக்குத்தான் பீளமேடு பட்டறையாக இருந்தது. கடல் விமானத்தின் பாடு தனி. உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். கப்பலில் இறங்கும்போது கொக்கி கம்பியைப் பிடித்து இழுக்க, சக்கரக் காலில் மொத்தப் பாரமும் அறையும். இன்ஜின் குறித்த மணிநேரம் ஓடியதும் கழற்றியாக வேண்டும். இரண்டு வரிசையில் ஒன்பது ஒன்பதாக நிற்கிற சிலிண்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் போட்டு அடுக்கி, கழுவி, தேய்மானத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, ரிங் மாற்றி, வால்வை அதன் இருக்கையில் தேய்த்து உட்கார வைத்து, மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நட்டு முறுக்கம் தவறினால் நடுக்கடலில் ஓர் உயிர் போகும். அந்தப் பொறுப்பைக் கடற்படை மெக்கானிக்குகளோடு நம் தொழிலாளர்களும் சுமந்தார்கள்.

எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்குப் சுமத்ராவில் உள்ள பாலெம்பாங் மீதான தாக்குதலின் கணக்கே போதும். 1945 ஜனவரி 16இல் நான்கு பிரிட்டிஷ் விமானந்தாங்கிகள் திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டன. 24ஆம் தேதியும் 29ஆம் தேதியும் அங்கிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கின. இழந்த விமானங்கள் மொத்தம் 41. எதிரியோடு நடந்த சண்டையில் போனவை 16. மீதி 25, கடலில் இறங்கியும் தளத்தில் மோதியும் போனவை. அதே கப்பல்கள் சிட்னிக்குப் போய், மார்ச் 26இல் ஒகினாவாவுக்குத் தென்மேற்கே உள்ள தீவுகளில் பசிபிக் போரில் இறங்கின.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. கடன்-குத்தகை விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் டாலரில் விலை கொடுக்க வேண்டும். இரண்டும் கட்டுப்படியாகவில்லை. நல்ல நிலையில் இருந்த கோர்சேர்களையும் ஹெல்கேட்களையும் கப்பலில் ஏற்றிப் போய்க் கடலில் தள்ளினார்கள். ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் அப்படிப் போனவை ஏராளம். ஓர் இன்ஜினைப் பூட்டி ஓடவைத்த கைக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கருடா மூடியதும் அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. 1945இலேயே கோவையில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியிருந்தது. 1946இல் பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் நிறுவனம் வந்தது. சூலூரில் இப்போது இந்திய விமானப்படையின் 5ஆம் பழுதுபார்ப்புப் பணிமனை இருக்கிறது. 2020 மே 27இல் விமானப்படையின் 18ஆம் அணி அங்கே தேஜஸ் விமானத்தோடு மறுபடி பணியில் இறங்கியது.