படம் எடுப்பவரும் படம் படிப்பவரும்



இலக்கிய அமைப்பொன்றின் நினைவுப் பேருரையில் எக்ஸ்ரேக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். ஆனால் மருத்துவக் கல்வி என்று வந்தால் எம்.பி.பி.எஸ். சேர்க்கையோடு பேச்சை முடித்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. அதற்கு மேல்மாடியில் என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு இன்று பார்ப்போம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து, நோய் இன்னதென்று எழுதிக் கையெழுத்திடும் கதிரியக்கவியல் மருத்துவர்களின் துறை அது. “மிஷின் இருக்கு, டாக்டர் இல்லை” என்று மாவட்ட மருத்துவமனை வாசலில் நம் மக்கள் கேட்டுத் திரும்பும் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தது 1895இல். சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் 1934இல் வந்துவிட்டது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று தெருவுக்குத் தெரு தனியார் ஸ்கேன் மையங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது தனியார் வளர்த்த துறை என்று தோன்றும். தமிழ்நாட்டில் இத்துறை வேர்விட்டது அரசு வளாகத்தில், மக்கள் வரிப்பணத்தில்.

அந்த வளாகத்துக்குள் யார் நுழைய முடிந்தது? வகுப்புவாரி அரசாணையின் கடைசி வடிவத்தில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு இருந்தது. இதை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்துக்கான வழக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அன்றைய சென்னை மாநிலத்தின் 4 மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து மொத்தம் 330 இடங்கள். வெளிமாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்ப ஒதுக்கீடு 12. இவை போக மிஞ்சிய 301இல் 14க்கு 2 என்று கணக்குப் போட்டால் நமக்கு 43 இடம். பல மாவட்டங்களையும் பல மொழிகளையும் கொண்ட ஒரு மாநிலத்துக்கு வெறும் 43. அதையும் பொறுக்காமல்தான் வழக்கு. செண்பகம் அம்மையார் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிறந்தது.

இதுவரை நம் மேடைகளில் பலமுறை சொன்ன கதை. இனிமேல் வருவதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

1986இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி அகில இந்திய ஒதுக்கீடு என்ற ஏற்பாடு வந்தது. அரசுக் கல்லூரிகளின் பட்ட மேற்படிப்பு இடங்களில் மாநிலங்கள் முதலில் 25 சதவீதத்தையும், 2003க்குப் பிறகு 50 சதவீதத்தையும் இந்தத் தொகுப்புக்குக் கொடுத்தன. இடங்கள் மாநில அரசின் பணத்தில் உருவானவை. ஆனால் தொகுப்புக்குள் போனதும் அவற்றுக்கு மாநிலத்தின் இடஒதுக்கீடு பொருந்தாது. சரி, ஒன்றிய அரசின் ஒதுக்கீடாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என்பது 2007இல் அபய் நாத் வழக்குக்குப் பிறகுதான் நுழைந்தது. பிற்படுத்தப்பட்டோர் 2021 வரை காத்திருந்தனர்.

1986 முதல் 2007 வரை 21 ஆண்டுகள். இந்தக் காலம் கதிரியக்கத் துறைக்கு எப்படிப்பட்ட காலம்? அல்ட்ராசவுண்ட் ஊர் ஊராகப் பரவிய காலம். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் இந்தியப் பெருநகரங்களுக்கு வந்து, பிறகு மாவட்டத் தலைநகரங்களை எட்டிய காலம். இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்த ஒரு துறை மருத்துவத்தின் மையத்துக்கு வந்து, தரவரிசையில் முதலில் நிற்பவர்கள் முதலில் அள்ளிக்கொள்ளும் துறையாக மாறிய காலம். சரியாக அந்தக் காலத்தில் நாடு தழுவிய தொகுப்பின் கதவு நமக்கு மூடியிருந்தது. அன்று எம்.டி. முடித்தவர்கள்தான் இன்று பேராசிரியர்கள், தேர்வாளர்கள், துறைத் தலைவர்கள். இந்த இழப்பை 2007க்குப் பிறகு கிடைத்த இடங்களை எண்ணி ஈடுகட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது.

‘தகுதி’ என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிடுவோம். உத்தரப் பிரதேசம் மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 சதவீதம் என்று தகுதி மதிப்பெண் வைத்திருந்தது. 1999இல் பிரீத்தி ஸ்ரீவத்சவா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த இடைவெளியை ஏற்க மறுத்தது. மேற்படிப்பின் தரம் கெடும் என்பது வாதம். 2023 செப்டம்பரில், மேற்படிப்பு நீட் தகுதி பெர்சென்டைலை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியமாக ஒன்றிய அரசு குறைத்தது. தேர்வு எழுதியிருந்தாலே போதும் என்று பொருள். இடங்கள் காலியாகக் கிடந்தன என்பது காரணம். காலியாகக் கிடந்தவை கதிரியக்க இடங்கள் அல்ல; அவை காலியாகக் கிடப்பது அரிது. என்றாலும் நம் பிள்ளைகள் 20 எடுத்தபோது எழுந்த தரக் கவலை, கட்டண இடங்கள் நிரம்பாதபோது எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாடு தனக்கென வைத்திருந்த ஏற்பாடு, பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு மாநிலத்தின் மேற்படிப்பு இடங்களில் பாதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர் மேற்படிப்பு முடித்து அரசுப் பணிக்கே திரும்புவார். கோச்சிங் மையத்தில் இரண்டு ஆண்டு உட்கார வசதியில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இதுவே சிறப்பு மருத்துவராகும் வழி. அந்தப் பாதிக்குள்ளும் மாநிலத்தின் 69 சதவீதம் பொருந்தும், நமக்கு 18. பணி ஒதுக்கீடும் சமூக ஒதுக்கீடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு விதிகள் பட்டயப் படிப்பு இடங்களில்தான் அரசு மருத்துவர்களுக்குப் பாதி என்றன. பட்டப் படிப்புக்கு, எட்டாத பகுதிகளில் பணிபுரிந்தோருக்கு ஆண்டுக்கு 10 வீதம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் மட்டும். 2016இல் தினேஷ் சிங் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதியை உறுதிசெய்ய, 2017இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பின்னர் டி.எம்.ஆர்.டி. உள்ளிட்ட பட்டய இடங்கள் எம்.டி., எம்.எஸ். இடங்களாக மாறின. எம்.டி. கூடியதில் மகிழ்ச்சிதான், விதி உறுதிசெய்த அந்தப் பாதிக்கு மட்டும் நிற்க இடமில்லாமல் போயிற்று. 2020 ஆகஸ்ட் 31 அன்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் அரசியல் சட்ட அமர்வு, பணியிலுள்ளோருக்கு ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அப்படிப் படித்தவர்கள் ஊரகத்திலும் மலைப் பகுதியிலும் பணியாற்ற நிபந்தனை வேண்டும் என்றும் சொன்னது. சங்கம் நடத்திய வழக்குகளை ‘டாக்டர்கள் பிரச்சினை’ என்று நாம் ஒதுங்கி நின்று பார்த்தோம். அது சரியான அரசியல் இல்லை என்பது எங்கள் கருத்து.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலோடு நிற்காமல் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களையும் நடத்துகிறது. வெளியே ஆயிரக்கணக்கில் ஆகும் சி.டி.யை 500 ரூபாய்க்கு எடுக்க முடிந்தது இதனால்தான். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் இயந்திரத்தை டெண்டர் விட்டு வாங்கிவிடலாம். அதன் படத்தைப் படிக்கும் ஒருவரை உருவாக்க எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று ஆண்டு வேண்டும். அவரை அரசுப் பணியில் வைத்திருக்க வேறு பலதும் வேண்டும். தனியார் கல்லூரியில் பெருந்தொகை கொடுத்து எம்.டி. முடித்தவர் அந்தப் பணத்தை எடுக்கும் இடம் நோக்கித்தான் போவார்; தாலுகா மருத்துவமனைக்கு வரமாட்டார்.

ஊரக சுகாதாரக் கணக்கிலோ இவர் இல்லவே இல்லை. சமுதாய சுகாதார நிலையத்துக்கு என ஒன்றிய அரசு எண்ணுவது அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள் நலம் என நான்கு வகைச் சிறப்பு மருத்துவர்களை. 2021-22 புள்ளிவிவரப்படி அந்த நால்வரிலேயே நாடு முழுக்க 79.5 சதவீதப் பற்றாக்குறை. அந்த அறிக்கையில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபருக்கு ஒரு வரிசை உண்டு. படத்தைப் படிப்பவருக்கு வரிசை கிடையாது. எண்ணாத பணியிடம் காலியாக இருப்பதாக யாரும் சொல்ல முடியாது அல்லவா? 2015இல் வந்த இலவசப் பரிசோதனைத் திட்டம் இதற்குக் கண்ட வழி தொலைக் கதிரியக்கம். படம் இங்கே, ரிப்போர்ட் எங்கிருந்தோ வரும். அவசரத்துக்கு உதவும். ஆனால் காசநோயா புற்றுநோயா என்று சந்தேகம் வந்தால் நோயாளியின் பக்கத்தில் நின்று டாக்டரோடு பேச ஆள் இருக்காது.

எம்.பி.பி.எஸ். டாக்டருக்கே பயிற்சி கொடுக்கலாமே என்றால் அதற்கும் ஒரு வழக்கு. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2014இல் அல்ட்ராசவுண்டுக்கு 6 மாதப் பயிற்சி விதி வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் அதன் முக்கியப் பகுதிகளை ரத்துசெய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. வழக்கில் ஒரு தரப்பு கதிரியக்க மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம். பெண்சிசுவைக் காக்கும் சட்டம் தேவை என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. தொழிலின் எல்லையைக் காக்கும் வேலியாகவும் அது பயன்படுவதையும் பார்க்க வேண்டும்.

படிக்கும் கண்ணுக்குக் கீழே இந்தத் துறையில் வேறு கைகளும் உண்டு. தமிழ்நாட்டில் ‘இருட்டறை உதவியாளர்’ என்ற பணியிடம், பிலிம் போய் டிஜிட்டல் வந்த பின்னும், 2022இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தால் நிரப்பப்பட அறிவிக்கப்பட்டது. அந்தப் பணிக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதில் குறைவொன்றும் இல்லை. அந்த அறைக்குப் பக்கத்து அறையில், ரிப்போர்ட் எழுதும் நாற்காலியில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் கருவிகள் எத்தனை, கதிரியக்க மருத்துவர் பணியிடங்கள் எத்தனை அனுமதிக்கப்பட்டவை, எத்தனை நிரம்பியவை, கடந்த ஆண்டு எத்தனை படங்களுக்கு ரிப்போர்ட் வெளியிலிருந்து வந்தது, இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.