பாடாத மூவர்: நாட்டுப்பற்றும் தேசியவாதமும் பிரியும் இடம்

நாட்டுப்பற்று தற்காப்பு இயல்புடையது, தேசியவாதம் அதிகார வேட்கை கொண்டது என்று ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். பின்வந்த விவாதங்களில் பலவும் அந்தத் தடத்திலேயே சென்றன. உணர்வை வைத்துப் பிரிக்கும் இம்முறை நடைமுறையில் அதிகம் உதவுவதில்லை. தன் உள்ளத்தில் இருப்பது வேட்கை என எந்தத் தேசியவாதியும் ஒப்புக்கொள்வதில்லை. பற்று என்றே சொல்வார், அப்படியே நம்பவும் செய்வார். பற்றுக்குச் சான்று கேட்கும் உரிமை பிறருக்கு உண்டா என்ற கேள்வியில்தான் இரண்டும் பிரிகின்றன என்பது என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்றது பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்ற வழக்கு. 1985 ஜூலையில் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து உடன்பிறந்தார் மூவர் நீக்கப்பட்டனர். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது எழுந்து நிற்பார்கள், சமய நம்பிக்கை காரணமாகப் பாடமாட்டார்கள். பள்ளியில் இது யாரையும் உறுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டு, அவையில் கேள்வியாக எழுந்த பிறகே விவகாரமானது. பிள்ளைகள் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றுதான் விசாரணைக் குழுவும் கூறியது. அதற்குப் பின்னும் நீக்கினார்கள். அவமதிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு நீக்கத்துக்கு எஞ்சியிருந்த காரணம், கேட்ட சான்றை அவர்கள் தரவில்லை என்பது மட்டுமே.

கேரள உயர் நீதிமன்றம் பாடலின் சொற்களை ஆராய்ந்து, எந்தச் சமயத்தாரையும் புண்படுத்துவது அதில் ஏதுமில்லை எனப் பிள்ளைகளின் மனுவைத் தள்ளுபடி செய்தது. உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் வழக்கு பாடலின் பொருளைப் பற்றியதே அல்ல. அந்தப் பாடலை இயற்றிய தாகூர், 1916இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேசியவாதத்தைக் கண்டித்து உரையாற்றியவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1986 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது அமர்வு. தேசிய அடையாளங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்பண் தொடர்பாகத் தண்டிப்பது பாடுவோரைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையும்தான். எழுந்து நிற்பதே மரியாதை என்றும் அது கூறியது. இதே பிரிவுப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைகளையும் தீர்ப்பு அலசியது. 1940இல் அங்கே எட்டு நீதிபதிகள் கட்டாயத்தை ஆதரித்தனர், ஒருவர் மட்டும் எதிர்த்தார். அடுத்து அந்தப் பிரிவினர்மீது தாக்குதல்கள் நடந்தன. 1943இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அதே நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. வெளிப்பகைவன் எதிரே நின்ற நேரத்திலும் கட்டாயச் சான்று தேவைப்படவில்லை என்பதை இது காட்டுகிறது.

காலனியாதிக்கத்தை எதிர்த்த தேசியவாதத்தை இக்கணக்கில் எங்கே வைப்பது என்று கேட்கலாம். அது சான்று கேட்டது பெரும்பாலும் அந்நிய ஆட்சியிடம், ஆளும் உரிமைக்கான சான்று. சொந்த மக்களைச் சோதிக்கத் தொடங்கிய இடங்களில் அதுவும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளாகும்.

1986 தீர்ப்பிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பிள்ளைகள் நின்றார்கள் என்பதையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. 2016 நவம்பர் 30இல் திரையரங்குகளில் நாட்டுப்பண்ணைக் கட்டாயமாக்கி, அனைவரும் எழ வேண்டும் என ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், அதன் நோக்கமாக நாட்டுப்பற்றையும் தேசியவாதத்தையும் வேறுபாடின்றிச் சேர்த்தே சொன்னது. 2018 ஜனவரி 9இல் இசைப்பது திரையரங்குகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இசைத்தால் மரியாதை காட்ட வேண்டும் என்ற நிபந்தனை கைவிடப்படவில்லை. உட்கார்ந்திருக்கும் குடிமகனுக்கு இந்தத் தீர்ப்புகள் எதுவும் இடம் தரவில்லை.